புது வருஷமும் பிரயாணமும்

(புது வருஷப் பிறப்பன்று ஒரு வாசகசாலையில் செய்த சொற்பொழிவு)



இன்று புது வருஷம் பிறந்திருப்பதை முன்னிட்டு, "புது வருஷமும் பிரயாணமும்" என்கின்ற விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இந்த வாசகசாலையார் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நான் தேசம் தேசமாய்ச் சுற்றியவனல்ல. ஆனாலும் ஒரு மனிதனைப் புறப்பட விடாமல் தடுப்பது எது, புறப்பட்டவன் அடைவது என்ன என்பதைப் பற்றி என் குடும்பத்திலேயே நான் கண்ட அனுபவம் ஒன்று உண்டு. அதையும், 22 வயதுள்ள ஒரு வாலிபன் கப்பலேறிய சங்கதியையும் சேர்த்துச் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, வருஷம் பிறப்பது என்பது என்ன? பூமி சூரியனை ஒரு முறை சுற்றி வர 365 நாளும் ஏறக்குறைய 6 மணியும் ஆகிறது. அந்த வட்டத்துக்கு ஆரம்பம் என்று வானத்தில் கோடு எதுவும் கிழித்து வைக்கப்படவில்லை. எந்த இடத்தில் எண்ணத் தொடங்குகிறோமோ அதுதான் ஆரம்பம். இங்கிலாந்தில் 1752-க்கு முன்வரை சட்டப்படி மார்ச்சு 25-ந் தேதிதான் வருஷப் பிறப்பு. 1752-ல் அதை ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதே வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி படுத்தவர்கள் 14-ந் தேதி எழுந்தார்கள். நடுவில் 11 நாள் இல்லை! நம் நாட்டிலும் 2008-ல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் செய்தார்கள். 2011-ல் வேறொரு சர்க்கார் அதை ரத்து செய்தது. சூரியனும் பூமியும் இரண்டு சட்டத்தையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு சங்கதி கேளுங்கள். பசிபிக் கடலில் சமோவா என்று ஒரு தீவு தேசம் இருக்கிறது. வியாபார சௌகரியத்துக்காக அவர்கள் தேதிக் கோட்டின் மறுபுறம் போய்ச் சேரத் தீர்மானித்து, 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதியை அப்படியே எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை இரவு தூங்கி, சனிக்கிழமை காலை விழித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையின் ராகுகாலம் எங்கே போயிற்று? எமகண்டம் எங்கே போயிற்று? நம் பஞ்சாங்கக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் புது வருஷம் வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாய் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் பழைய ஏட்டை மூடிப் புது ஏட்டைத் திறக்கிறோமல்லவா? அதைப்போல, போன வருஷம் என்ன செய்தோம், வருகிற வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று பார்ப்பதற்கு மனிதன் தன் சௌகரியத்துக்கு வைத்துக்கொண்ட நாள் இது. நாம் வைத்துக்கொண்ட நாளுக்கு நாமேதான் அர்த்தம் கொடுக்க வேண்டும்.

நிற்க. என் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். சுமார் முப்பது வருஷத்துக்கு முன் அவளுக்கு நர்சுப் படிப்புக்கு நேரில் வரும்படி கடிதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பட்டணத்தில் இருக்க வேண்டும். பட்டணம் எங்கள் ஊருக்குக் கிழக்கே. திங்கட்கிழமையோ கிழக்கே சூலம். தயிர் சாப்பிட்டுப் புறப்பட்டால் சூலதோஷம் விலகும் என்று ஒரு கிண்ணம் தயிரைக் கொடுத்தார்கள். சூலத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். எட்டு மணி பஸ் எங்கள் வாசல் வழியாகப் போனதைத் திண்ணையிலிருந்து பார்த்துக் கொண்டிருந்தோம். ஒன்பதரை மணி பஸ்ஸில் போனோம். அங்கே பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் தகப்பனார். அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. என் தகப்பனார் கெட்டவரல்ல. மகளிடம் உயிரையே வைத்திருந்தவர். அன்பு குறைந்ததால் அந்தப் பஸ் தவறவில்லை. அன்பை நடத்த அறிவு இல்லாததால் தவறிற்று. வாய் திறக்காமல் நின்ற எனக்கும் அதில் பங்குண்டு.

இனி அந்த வாலிபனின் சங்கதி. அவன் பெயர் சார்லஸ் டார்வின். 1831-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், "பீகிள்" என்கின்ற அளவைக் கப்பலில் உலகம் சுற்றி வர அவனுக்கு அழைப்பு வந்தது. தகப்பனார் வேண்டாமென்றார். காட்டுத்தனமான யோசனை என்றும், பின்னால் பாதிரி வேலைக்குப் போகிறவனுக்கு அழகல்லவென்றும் ஆட்சேபங்களை அடுக்கினார். ஆனால் அவர் ஒரு கதவை மாத்திரம் திறந்து வைத்தார். புத்தியுள்ள ஒரு மனிதன் போகலாமென்று சொன்னால் சம்மதிக்கிறேன் என்றார். டார்வினின் மாமா ஜோசையா வெட்ஜ்வுட் என்பவர் - நம் முறைப்படி தாய்மாமன் - அந்த ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுத்து மூலம் பதில் சொன்னார். தகப்பனாரும் சொன்ன சொல் தவறாமல் சம்மதித்தார். காது குத்துக்கு மடியில் உட்கார வைத்து, சீர்த்தட்டு தூக்குவதோடு தாய்மாமன் கடமை தீர்ந்தது என்று இருக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

மூடநம்பிக்கை அந்தத் தேசத்திலும் இல்லாமலில்லை. கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் என்பவர் முகலட்சணத்தில் நம்பிக்கையுள்ளவர். டார்வினின் மூக்கைப் பார்த்து, இந்த மூக்குள்ளவனுக்கு இவ்வளவு பெரிய பிரயாணத்துக்கு வேண்டிய ஊக்கம் இருக்குமா என்று சந்தேகப்பட்டார்! இருந்தும் சேர்த்துக் கொண்டார். கப்பல் இருமுறை புறப்பட்டு எதிர்க்காற்றால் திரும்பிற்று. கிறிஸ்துமஸ் மறுநாள் நல்ல காற்று இருந்தும் மாலுமிகளின் குடிமயக்கத்தால் புறப்பட முடியவில்லை. கடைசியில் 1831 டிசம்பர் 27-ந் தேதி புறப்பட்டது. அது என்ன கிழமை தெரியுமா? செவ்வாய்க்கிழமை! "செவ்வாயோ வெறும் வாயோ" என்று நாம் சொல்லுகிற அதே செவ்வாய்க்கிழமை.

புது வருஷம் நடுக்கடலில் பிறந்தது. டார்வினோ வாந்தியெடுத்துப் படுத்துக் கிடந்தான். 1832 ஜனவரி 6-ந் தேதி, அவன் மாணவப் பருவத்திலிருந்தே காண ஆசைப்பட்ட டெனரீப் தீவு வந்தது. ஆனால் காலராப் பயத்தினால் 12 நாள் ஒதுங்கி நிற்க வேண்டுமென்று தீவார் சொல்லிவிட்டதால், இறங்காமலே கப்பல் போய்விட்டது. நம்மவர்களாயிருந்தால், புறப்பட்ட நேரம் சரியில்லை, அதனால்தான் இப்படி என்றிருப்பார்கள். பத்து நாள் கழித்து வெர்டு முனைத் தீவுகளில் ஒன்றில் இறங்கினான். அங்கே கடற்கரைப் பாறையில், நீர்மட்டத்துக்கு மேலே, கிளிஞ்சல்கள் நிறைந்த ஒரு வெள்ளைப் பட்டையைக் கண்டான். கடலடியில் இருந்தது மேலே எப்படி வந்தது?

இந்த இடந்தான் முக்கியம். லயல் என்பவர் எழுதிய பூமி சாஸ்திரப் புத்தகம் ஒன்று அவன் கையில் இருந்தது. அதைப் படி, ஆனால் அதன் கொள்கையை ஏற்றுக் கொள்ளாதே என்று அவனுடைய ஆசிரியர் ஹென்ஸ்லோ சொல்லி அனுப்பியிருந்தார். ஆசிரியர் சொல்லுக்காகத் தள்ளவுமில்லை. அச்சில் இருப்பதற்காக நம்பவுமில்லை. பாறையின் முன் நின்று தன் கண்ணால் பார்த்து, லயல் சொல்லுவது சரியாயிருக்கிறது என்று முடிவு செய்தான். கேள்வியோடு போய்ப் பதிலோடு வருவதுதான் தோழர்களே, பிரயாணம். கேள்வியில்லாமல் போகிறவன் உலகம் முழுதும் சுற்றினாலும் பெட்டியைப் போலத்தான் திரும்பி வருவான்.

பிரேசில் தேசத்தில் இன்னொன்று நடந்தது. அடிமை வழக்கத்தைப் பிட்ஸ்ராய் ஆதரித்துப் பேசினார். ஓர் எசமானன் தன் அடிமைகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு விடுதலை வேண்டுமா என்று கேட்டானாம், அவர்கள் வேண்டாமென்றார்களாம். எசமானன் முன்னிலையில் சொன்ன பதிலுக்கு மதிப்புண்டா என்று டார்வின் திருப்பிக் கேட்டான். பிட்ஸ்ராய்க்கு அடங்காத கோபம் வந்து, இனி உன்னோடு சேர்ந்திருக்க முடியாது என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம். பிரேசிலில் அடிமை முறை ஒழிய 1888 வரை ஆயிற்று.

பீகிள் கப்பல் 1836 அக்டோபர் 2-ந் தேதி திரும்பி வந்தது. கண்டு வந்ததை வைத்துக்கொண்டு 23 வருஷம் யோசித்து, 1859-ல் உயிர் வகைகளின் தோற்றத்தைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். மனிதன் தன்னைப் பற்றி நினைத்திருந்ததெல்லாம் அதோடு மாறிப் போயிற்று.

டார்வின் பணக்கார வீட்டுப் பிள்ளை, நமக்கு அது ஆகுமா என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆல்பிரடு வாலஸ் என்பவர் பணமில்லாததால் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து விற்றே அமேசான் காடுகளில் நான்கு வருஷம் திரிந்தார். திரும்பி வரும்போது 1852 ஆகஸ்டு மாதம் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றி, சேர்த்த பொருள்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பத்து நாள் படகில் கிடந்து உயிர் தப்பினார். சாந்தி செய்தாரா? பரிகாரம் செய்தாரா? இரண்டு வருஷத்துக்குள் 1854-ல் மறுபடியும் கப்பலேறி மலேயாத் தீவுகளுக்குப் போனார். எட்டு வருஷம் அங்கே அலைந்தார். டார்வின் கண்ட அதே உண்மையைத் தாமாகவே கண்டு, 1858-ல் அவருக்கே எழுதியனுப்பினார். நம்பிக்கை என்பது இதுதான். எல்லாம் நல்லபடியாய் நடக்கும் என்று விளக்கேற்றி வைப்பது நம்பிக்கையல்ல. எரிந்து போன பிறகும் வேலையை முதலிலிருந்து ஆரம்பிப்பது நம்பிக்கை.

நாமும் பிரயாணம் செய்யாதவர்களல்ல. கடன் வாங்கிக்கூட யாத்திரை போகிறோம். கூட்டத்தில் நெருக்குண்டு, மொட்டையடித்துத் திரும்பி வந்தால், என்ன தெரிந்து கொண்டாய் என்று யாரும் கேட்பதில்லை. உல்லாசப் பிரயாணம் போகிறவர்களோ கைபேசியில் தங்கள் முகத்தைத்தான் படம் பிடித்து வருகிறார்கள். முகம் வீட்டிலேயே இருந்ததல்லவா?

இந்த வருஷம் ஒரு காரியம் செய்து பாருங்கள். சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் 1863-ல் இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஆதி மனிதன் செய்த கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். திருவள்ளூர் ஜில்லா அத்திரம்பாக்கத்தில் கிடைத்த ஆயுதங்களுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயதென்று சாஸ்திர முறைப்படி கணித்திருக்கிறார்கள். எழும்பூரிலுள்ள மியூசியம் 1851-ல் ஏற்பட்டது. கீழடியில் 2023-ல் ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுத் திரும்புகிறார்கள். அங்கேயுள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தில்தான் 1909-ல் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இவையெல்லாம் பஸ் சார்ஜு தூரத்தில் இருக்கின்றன. பிள்ளைகளை, முக்கியமாய்ப் பெண் பிள்ளைகளை, ஆளுக்கொரு கேள்வியை எழுதிக் கொடுத்து அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும் இந்த வாசகசாலையில் நிறுத்திப் பதிலைச் சொல்லச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. என் தங்கையின் மகள் நர்சுப் படிப்பில் தேறி, டில்லியில் வேலை கிடைத்து, வருகிற வியாழக்கிழமை காலை சேர வேண்டியவளாயிருக்கிறாள். அதற்குச் செவ்வாய்க்கிழமை இரவு ரயிலேற வேண்டும். செவ்வாய், புதன் வடக்கே சூலமாம்! வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. எல்லோரும் கூடியிருக்கையில் என் தங்கையைக் கேட்டார்கள். "பெரியவர்கள் சொல்லுகிறபடி செய்யலாம்" என்றாள். எனக்கு அந்தப் பிரேசில் தேசத்துச் சங்கதி நினைவுக்கு வந்தது. அடிமையும் என் தங்கையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. கேட்கிற முறை ஒன்றாயிருக்கிறதே என்றுதான் சொல்லுகிறேன். பிறகு தனியாகக் கிணற்றடியில் கேட்டேன். "நான் விட்ட வண்டியை அவள் விட வேண்டாம் அண்ணா" என்றாள்.

ஆகவே தோழர்களே, செவ்வாய்க்கிழமை இரவு அந்தப் பெண்ணின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகப் போகிறவன் நான்தான். முப்பது வருஷத்துக்கு முன் திண்ணையில் வாய் மூடி நின்றதற்கு இதுவே நான் செய்யும் பரிகாரம். உங்கள் வீட்டில் இந்த வருஷம் யார் எந்த வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்று தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். பஞ்சாங்கத்தைக் கேட்காமல் ரயில் நேர அட்டவணையைக் கேளுங்கள். வண்டி நேரந்தான் நல்ல நேரம் என்று சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.