பெருங்காமநல்லூரில் ஒரு பகல்



காரியாபட்டியிலிருந்து விடியலில் புறப்பட்டுத் திருமங்கலம் கடந்து மேற்கே செல்வோர் முற்பகலுக்குள் பெருங்காமநல்லூரை அடைந்துவிடலாம். திருமங்கலம் வரை, குண்டாற்றின் ஓட்டத்துக்கு எதிர்முகமான வழி. திருச்சுழிச் சீமையார்க்குப் பழகிய கருவேலமும் கண்மாய்க் கரைகளும் உடன் வரும்.

அவ்வூரில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பட்டியலிடப்பட்டனர். ஆடவர் கைரேகை பதிய வேண்டும். பதிந்தோர் பலர் இரவுகளைக் காவல் நிலையத்தில் கழிக்க நேர்ந்தது. ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாண்டவர் 16 பேர். அவருள் ஒருவர் பெண்: மாயக்காள். குண்டடிபட்டு விழுந்தோர்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர். மாண்டோர் பெயர்களை வாய்விட்டு வாசித்து வருவோரின் குரல் இப்பெயரில் தழுதழுத்து நின்றுவிடுகிறது.

இத்தகைய இடங்களுக்குச் சென்று மீளும் கவிஞர்கள் பெரும்பாலும் குருதியைப் பாடுகின்றனர். (குருதிக்கு எதுகை எளிதில் அகப்படுகிறது போலும்!) தண்ணீரைப் பாடியோர் அரியர். சித்திரை நெருங்கும் வெயிலில் ஒரு செம்பு நீரின் அருமையைக் காரியாபட்டிப் பெண்டிர் அறிவர். ஊற்றுத் தோண்டிச் சுரக்கும்வரை காத்திருந்து, அகப்பையால் அள்ளிக் குடம் நிரப்பிய தலைமுறையினர் அவர்கள். அந்நீரைத் துப்பாக்கிகளின் முன்னே ஏந்திச் சென்றவரைப் பாட வானம் பார்த்த இப்பூமியின் கவிஞரைவிட உரியவர் யார்?

சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் அடுத்த கவியரங்கிலேனும் மாயக்காளுக்கு ஒரு பாடல் அரங்கேறட்டும்.