குழந்தைக்கும் பிரஷர் பார்க்க வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



"சின்னப் பிள்ளைக்கு ஏது பிரஷர்?" என்று உங்களில் பலர் நினைக்கலாம். உண்டு. பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அளந்தால்தான் தெரியும். அதனால் மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. டாக்டர் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

118/78 என்றால் நமக்கு நிம்மதி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அதிகம். 13 வயதுக்குள் இருந்தால் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைக் கொண்டு அட்டவணை பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். 13 வயதிலிருந்து 130/80 என்பதே அதிகம்.

தாத்தாவின் மெஷினைப் பேரன் கையில் சுற்றிப் பார்க்காதீர்கள். பட்டை பெரிதாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். இறுக்கமாக இருந்தால் கூட்டிக் காட்டும். குழந்தை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, அதன் கைக்கேற்ற பட்டையில் பார்க்க வேண்டும். ஒருமுறை அதிகம் என்றால் பதற வேண்டாம். வெவ்வேறு நாளில் மூன்று முறை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மிகச் சிறிய குழந்தைகளுக்கு வந்தால் சிறுநீரகம், இதயத்தின் பெரிய ரத்தக்குழாய் ஆகியவற்றில் கோளாறு இருக்கிறதா என்று தேடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காரணம் கூடுதல் எடை. முகம் வீங்கினாலோ சிறுநீர் சிவந்தாலோ தாமதிக்காதீர்கள். கடும் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். சிறப்புச் சிகிச்சைக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

மாத்திரை கொடுத்திருந்தால், அளவு சரியாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது உப்பைக் குறைப்பது. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா பாக்கெட் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய் போதும். குழந்தைக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். எல்லோரும் குறைத்தால் அது தண்டனையாகத் தெரியாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. குழந்தைக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் "பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு வைத்தது நாம்தான். கண்ணாடி உடைந்தது உண்மை, கோபமும் நியாயம். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் விளையாடச் சொல்ல முடியுமா? மாலை 5 முதல் 6 வரை பின்பக்கத்துக் கார்களை முன்னால் நிறுத்திக்கொள்வோம். ரப்பர் பந்து மட்டும் என்று விதி வைப்போம். அடுத்த கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள்.