நேரத்துக்கும் முத்திரை மரக்கால் வேண்டும்

(தஞ்சை வட்டாரத்தில் நடந்த ஆலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



"இன்னும் கொஞ்ச நேரம்தானே, முடித்துவிட்டுப் போ" என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. நடவில் கடைசி வயல், களத்தில் கடைசிக் கட்டு, அரிசி ஆலையில் கடைசி மூட்டை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கூலி எங்கே என்று கேட்டால் மட்டும் யாருக்கும் காது கேட்பதில்லை.

கணக்குப் பார்ப்போம். ஒரு நாள் வேலை எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி கூடுதலாக வாங்கினால் 24 நாளில் 24 மணி. அதாவது மூன்று முழு நாள் உழைப்பு. ஆலையில் வருஷம் முழுவதும் இப்படி நடந்தால் 36 நாள் உழைப்பு கூலியில்லாமல் போகிறது. நம் பிள்ளைகளின் சோறும் புத்தகமும் இப்படித்தான் பறிபோகின்றன.

பண்ணையாள் காலத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். விடியுமுன் ஏர் பூட்டியவன் இருட்டிய பிறகுதான் கரையேறுவான். ராத்திரித் தண்ணீர்க் காவல் தனி. அவன் மனைவி மிராசுதார் தொழுவத்தில் சாணி அள்ளினாள். அதற்குக் கூலி என்ற பேச்சே இல்லை. எதிர்த்துக் கேட்டால் சாட்டையடி, சாணிப்பால். மரக்காலும் பண்ணையுடையது: நெல்லை வாங்க ஒன்று, கூலி கொடுக்க ஒன்று. முத்திரை மரக்காலில் கூலியை அளந்து போடு என்பதே அன்று பெரிய கோரிக்கை.

1943-ல் தோழர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தார். ஊர் ஊராகச் சங்கம் எழுந்தது. 1944-ல் களப்பாள், மன்னார்குடி ஒப்பந்தங்கள். 1948-ல் மாயவரம் ஒப்பந்தம். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். எதுவும் தானாக வரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டம் நடந்த கீழ்வெண்மணியில் 44 உயிர்களைத் தீயிலிட்டார்கள். அதற்குப் பிறகுதான், 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

நெல்லின் அளவுக்காக இவ்வளவு போராடினோம். நேரத்தின் அளவு இன்னும் யார் கையில் இருக்கிறது?

ஆலைத் தொழிலாளிக்கு 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டியது. மிஞ்சினால் இரட்டைக் கூலி. வயல் தொழிலாளிக்கோ, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 1950-ம் வருஷ மத்திய விதிகள் ஒன்றரை மடங்குதான் கொடுத்தன. இரண்டு பேருக்கும் முதுகு ஒன்றுதானே?

இப்போது அந்தக் கூலிச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. இந்தத் தொகுப்புகளைச் சங்கங்கள் எதிர்க்கின்றன, எதிர்ப்போம். ஆனால் அதில் உள்ள உரிமையை விட்டுக்கொடுப்பானேன்? அதன் 14-வது பிரிவு சொல்கிறது: மணிக்கோ நாளுக்கோ கூலி நிர்ணயித்த வேலையில், வேலை நாளுக்கு மேல் உழைத்த ஒவ்வொரு மணிக்கும், மணியின் பகுதிக்கும்கூட, இரட்டிப்புக்குக் குறையாத கூலி. வயலுக்கும் இதேதான். ஆக, அந்த 24 மணிக்கு வர வேண்டியது மூன்று நாள் கூலி அல்ல, ஆறு நாள் கூலி!

பாக்கியை மூன்று வருஷத்துக்குள் அதிகாரியிடம் கேட்கலாம். பதிவு பெற்ற சங்கமே தன் உறுப்பினருக்காக மனுப் போடலாம். கூலியைக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி.

ஆனால் எத்தனை மணி உழைத்தோம் என்று சொல்ல வேண்டியவர்கள் நாம். ஐந்து பேருக்கு மேல் வைக்காத விவசாய முதலாளிக்குப் பதிவேட்டிலிருந்து விலக்கும் உண்டு. ஆகையால் நம் கணக்கை நாமே எழுதுவோம். தேதி, இறங்கிய நேரம், கரையேறிய நேரம், வாங்கிய கூலி, உடன் இருந்தவர் பெயர். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். ஒருவர் நோட்டு என்றால் கிழித்துப் போடுவார்கள். கும்பல் முழுவதும் ஒரே நேரத்தை எழுதினால் அதுவே சாட்சி.

ஒற்றுமைக்குப் பலன் உண்டா என்று சந்தேகமா? 2023 ஏப்ரல் 21-ல் தமிழகச் சட்டமன்றம் 12 மணி வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. சங்கங்கள் திரண்டு எதிர்த்தன. மே தினத்தன்றே அது வாபஸ் என்று அரசு அறிவித்தது!

மரக்காலுக்கு முத்திரை கேட்டவர்களின் பிள்ளைகள் நாம். நேரத்துக்கும் கேட்போம். உழைத்த ஒவ்வொரு மணிக்கும் கூலி! மிஞ்சிய ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி!