பின்னலில் வாழும் முன்னோர்: மடகாஸ்கர் உணர்த்தும் பாடம்



இந்து மாக்கடலில், ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே அமைந்த பெருந்தீவு மடகாஸ்கர். போர்னியோப் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்தோரும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரும் கலந்து உருவானவர்களே அதன் மக்களாகிய மலகாசியர். ஆதலால் அவர்களிடையே நேர்முடியும் உண்டு. அடர்ந்த சுருள்முடியும் உண்டு.

முன்னோரைப் போற்றுவதே மலகாசியர் வாழ்வின் அச்சாணி. குழந்தையின் முதல் முடியிறக்கம் அங்கே உற்றார் கூடி வாழ்த்தும் சடங்காகும். நடுமேட்டுநிலத்தில் வாழும் மெரினா மக்களிடையே ஆண்களும் நீள்முடி வளர்த்துப் பின்னியிருந்தனர். அப்பின்னலை இட்டவர்கள் அவர்தம் இல்லத்துப் பெண்கள்.

1822இல் மன்னர் முதலாம் ராடாமா ஐரோப்பியப் படைவீரரைப் போன்று தம் முடியைக் கத்தரித்துக் கொண்டார்; படையினரும் அவ்வாறே செய்தனர். முன்னோர் வழக்கம் மீறப்பட்டது என்று ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு எதிர்த்தனர். மைந்தர்களைப் படைக்குப் பறிகொடுத்த வேதனையும் அவ்வெதிர்ப்பில் கலந்திருந்தது. முன்னின்ற பெண்கள் சிலர் மன்னரின் ஆணையால் கொல்லப்பட்டனர். 1828இல் அதே மன்னர் மறைந்தபோது, துக்க வழக்கப்படி மக்கள் தலையை மழிக்க வேண்டியதாயிற்று. முடி அங்கே வெறும் அழகுப்பொருளாக இருக்கவில்லை. உறவையும் உரிமையையும் உரைக்கும் மொழியாக இருந்தது.

பின்னல் மரபுக்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், சுருள்முடியின் வளைவுகளைக் கடந்து நுனியை எளிதில் அடைவதில்லை. எனவே அம்முடி விரைவில் உலர்ந்து, வளைவுகளில் முறிகிறது. எண்ணெய் பூசிப் பின்னுவதால் ஈரப்பதம் காக்கப்படுகிறது, உராய்வும் குறைகிறது. ஈரமாக இருக்கும்போதே, அகன்ற பற்களுடைய சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தல் நன்று. பின்னலை இறுக்கமாக இழுத்தால் வேர் தளரும் என்பதையும் மறத்தலாகாது.

மாறாக, முடியை நேராக்கும் இரசாயனங்கள் அதன் உட்கட்டமைப்பையே உடைக்கின்றன. அவற்றை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடையே கருப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டதென அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று 2022இல் தெரிவித்தது.

பெற்றோர்களே! நம் இல்லங்களிலும் சுருள்முடியுடன் பிறக்கும் பிள்ளைகள் உள்ளனர். வகுப்பறைக் கேலிக்கு அஞ்சி அம்முடியை மாற்ற விழையும் பிள்ளையிடம், "அடங்காத முடி" என்று நாமும் சொல்லிவிட்டால் அப்பிள்ளை எங்கே செல்லும்? எண்ணெயும் சீப்பும் எடுத்து அருகில் அமர்த்துங்கள். அம்முடி எந்தப் பாட்டியிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.