உடற்பயிற்சியின் பலனைச் சத்து மாத்திரை குறைக்குமா?

காலையில் மெதுவோட்டம் போகிறவர்களும் மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்கிறவர்களும் பெருகி வருகின்றனர். மகிழ்ச்சி தரும் மாற்றம்தான். அவர்களில் பலர் பயிற்சியோடு வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பயிற்சியும் நல்லது, வைட்டமினும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு சரிதானா என்பதே இன்றைய அங்கத்தின் கேள்வி.

உடல் உழைக்கும்போது தசைகள் அதிகப் பிராணவாயுவைப் பயன்படுத்துகின்றன. அப்போது 'ஃபிரீ ரேடிக்கல்' எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவை அளவு மீறினால் உயிரணுக்களைச் சிதைக்கும். மனிதன் மூப்படைவதற்கே இவைதான் காரணம் என்று 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் கருத்துரைத்தார். இவற்றை அடக்கும் பொருள்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். வைட்டமின் சி, ஈ இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை. அதனால்தான் உடலைக் காக்கும் கவசம் என்ற எண்ணத்தில் பலரும் இந்த மாத்திரைகளை நாடுகின்றனர்.

ஆனால், 2009-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. ஏறத்தாழ 40 இளைஞர்கள் 4 வாரங்கள் கடுமையாகப் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு அவை தரப்படவில்லை.

ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்புவது இன்சுலின். உடற்பயிற்சி செய்தால் அந்த இன்சுலின் திறம்பட வேலை செய்யும். நீரிழிவைத் தள்ளிப்போட உடற்பயிற்சி உதவுவதற்கு இது முக்கியக் காரணம். மாத்திரை எடுக்காதவர்களிடம் இந்த முன்னேற்றம் காணப்பட்டது. மாத்திரை எடுத்தவர்களிடம் காணப்படவில்லை. இருவரும் சிந்திய வியர்வை ஒன்றுதான். கிடைத்த பலன் வேறு.

இது ஏன்? மண்வெட்டி பிடித்த கை முதலில் கொப்பளிக்கும். பிறகு காய்த்து உறுதியாகும். எந்நேரமும் கையுறை போட்டுக்கொண்டே வெட்டினால் கை காய்க்காது. அதுபோலவே, பயிற்சியின்போது உண்டாகும் ஃபிரீ ரேடிக்கல்கள் தசைகளுக்கு ஒரு செய்தி சொல்கின்றன: 'உழைப்பு கூடிவிட்டது, உன்னைப் பலப்படுத்திக்கொள்.' அதிக அளவு மாத்திரை அந்தச் செய்தியையே அடக்கிவிடுகிறது.

இதற்காக மாத்திரை எடுத்தவர் ஓடவே முடியாமல் போவார் என்று பொருளல்ல. 2014-இல் நார்வேயில் 54 பேரை 11 வாரங்கள் ஆராய்ந்தபோது, ஓடும் திறன் இரு பிரிவினரிடமும் ஒரேபோல் உயர்ந்தது. ஆனால், தசைக்குள் சக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா சார்ந்த புரதம் மாத்திரை எடுக்காதவர்களிடம் மட்டுமே கூடியிருந்தது.

வைட்டமின் சி மாத்திரையால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெறும் ராணுவ வீரர்கள் போன்றோருக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது என ஆய்வுகள் காட்டுகின்றன. கடுமையான உடலுழைப்பு இல்லாதவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். அதிக அளவு வைட்டமின் ஈ அந்த மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. அதேபோல, குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

சரி, வைட்டமினுக்கு எங்கே போவது? பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் வைட்டமின் சி சுமார் 100 மில்லிகிராமுக்குள்தான். நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழமே அதைத் தந்துவிடும். நிலக்கடலையிலும் கீரையிலும் வைட்டமின் ஈ இருக்கிறது. உணவில் கிடைக்கும் அளவு வேறு, மாத்திரையில் அடைத்த 1000 மில்லிகிராம் வேறு.

நீரிழிவை நினைத்து அதிகாலையில் எழுந்து நடக்கிறவர்கள், அந்த நடையின் பலனைத் தாங்களே காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டாம். நடை தொடரட்டும், தட்டில் பழமும் கீரையும் இருக்கட்டும்.