மறுநடவுப் பணம் யாருடையது?

தோட்டத்தில் பிரட்டுக்கு நின்று வேலை செய்துகொண்டே, பக்கத்துக் கம்பத்தில் இரண்டு மூன்று ஏக்கர் ரப்பர் நிலம் வாங்கி வைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களை எண்ணியே இன்று பேசுகிறோம்.

பால்மரம் 25, 30 ஆண்டுகளில் கிழடாகிவிடும். பட்டை தேய்ந்து பால் குறையும். அதைச் சாய்த்து நல்ல இன ஒட்டுக்கன்று நட்டால் முன்னைவிட மிகுதியாகப் பால் கிடைக்கும். ஆனால், கன்று கத்தி காண ஏறக்குறைய 6 ஆண்டுகள் செல்லும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

இதற்காகத்தான் 1952-ஆம் ஆண்டில் மலாயாவில் மறுநடவு நிதி ஏற்பட்டது. ஏற்றுமதியான ரப்பரில் இராத்தலுக்கு 4½ காசு வரி பிடித்து, அதை மறுநடவு செய்வோருக்கு உதவித் தொகையாகக் கொடுத்தார்கள். 100 ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையவர்கள் சிறுதோட்டக்காரர்கள் எனப்பட்டனர். அவர்களுக்கான இப்பணியை 1973-ஆம் ஆண்டில் ரிஸ்டா ஏற்றுக்கொண்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வரியைக் கப்பலேற்றும் வியாபாரி தம் பையிலிருந்து கொடுத்தார் என்று நினைத்தவர் பலர். அப்படியன்று. வரியைக் கழித்துக்கொண்டுதான் நம் ரப்பருக்கு விலை போட்டார்கள். ஆகவே, கிழட்டு மரத்தையே நம்பியிருந்த ஏழையும் வரி கொடுத்தார். உதவியோ மறுநடவு செய்தவருக்கு மட்டும் கிடைத்தது. கேளாதவர் காசு அயலார் நிலத்தில் கன்றாக வளர்ந்தது!

நம் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பம் ஒன்றுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. மறுநடவு உதவிக்கு மனு எழுதித் தரும்படி கேட்டார்கள், எழுதிக் கொடுத்தோம். மனு திரும்பி வந்துவிட்டது. காரணம், நிலப்பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. வாரிசுகளோ ஐந்து பேர், ஆளுக்கொரு தோட்டத்தில். அத்தனை பேர் கையொப்பமும் சேர்ந்து பெயர் மாறுவதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த நான்கு ஆண்டுகளில் கன்று பருத்து, கத்திக்குத் தயாராகும் நிலையை நெருங்கியிருக்கும். பட்டாவை வாங்கிப் பார்க்காமல் மனு எழுதியது நம் பிழையுந்தான். எழுதப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டோம்.

இன்னொன்று. இந்த உதவி ஒரே தடவையில் கைக்கு வருவதன்று. தவணை தவணையாக வருவது. நிலத்தைத் திருத்தி, கன்று நட்டு, லாலான் புல் மண்டாமல் காத்து, அதிகாரி வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை. முதல் தவணையைக் கல்யாணச் செலவுக்கு எடுத்துவிட்டால், நிலத்தில் புல் வளரும், பணம் நின்றுவிடும். நிரைகளுக்கிடையே வாழையும் சோளமும் நட்டு முதல் ஆண்டுகளைக் கடத்தியவர்களே கரை சேர்ந்தார்கள்.

ஆகவே, நேயர்களே, இன்றிரவு பெட்டியைத் திறந்து பட்டாவை எடுங்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள பெயர் உயிரோடிருப்பவர் பெயர்தானா என்று பாருங்கள். இல்லையெனில், நாளையே நில அலுவலகத்துக்குப் புறப்படுங்கள்.