குளக்கரை நகரில் ஒரு நாள்



புதுக்கோட்டைக்கு வரும் வெளியூர் அன்பர்கள் பெரும்பாலும் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு, சித்தன்னவாசலையும் திருமயம் கோட்டையையும் அரை நாளிற் பார்த்துவிட்டு ஊர் திரும்பி விடுகின்றனர். அவர்களை ஒரு நாள் முழுவதும் இங்கே நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. அதற்கு நான் நம்பியிருப்பது எங்கள் குளங்களைத்தான்.

விடியற்காலையில் புதுக்குளத்தின் கரையில் நடந்து பாருங்கள். அங்கிருந்து சாந்தநாத சுவாமி கோயிலை அடுத்த பல்லவன் குளத்திற்கு வரலாம். 1878 முதல் 1894 வரை இச் சமஸ்தானத்தின் நிருவாகத்தை நடத்திய சேஷையா சாஸ்திரியார், நேரான வீதிகளை அமைத்ததோடு இக் குளங்களையும் செப்பனிட்டார். ஆறு பாயாத ஊருக்கு மழைநீரே உயிர் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அடுத்து, நகரை ஒட்டிய கவிநாட்டுக் கண்மாய். மார்கழி, தை மாதங்களில் வந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் நீர். கோடையில் வந்தால் ஏமாற்றந்தான். இந் நாட்டுக் கண்மாய்களில், கரைக்குச் சற்று உள்ளே நீரின் நடுவில் இரண்டு கற்றூண்கள் நிற்பதைக் காணலாம். அவற்றைக் கோயில் தூண் என்று எண்ணிவிட வேண்டா. அதுவே குமிழித் தூம்பு. தூண்களுக்குக் கீழே ஒரு கற்பெட்டி. அதன் மேற்பலகையில் உள்ளது நீரோடித் துளை, அடியில் உள்ளது சேறோடித் துளை. மேல் அடைப்பைத் தூக்கினால் நீர் உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் கால்வாய் வழியே வயலுக்குச் செல்லும். அந்த ஓட்டத்தின் இழுப்பில் அடியிற் படிந்த வண்டலும் சேர்ந்து வெளியேறும். அடைப்பைத் திறக்க ஒருவர் நீந்திச் செல்ல வேண்டும். நீச்சல் அறியாத நான் இதைப் பல ஆண்டுகள் வகுப்பிற் கரும்பலகையில் வரைந்து மட்டுமே காட்டினேன்!

வெயில் ஏறியதும் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம். 1910-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது; உச்சிப் பொழுதைக் கழிக்க அதனினும் நல்ல இடம் இல்லை. பிற்பகலிற் சித்தன்னவாசல்.

அங்கே ஒரு முறை மாணவர்களை அழைத்துச் சென்றேன். ஏழடிப்பட்டத்திற் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ளன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்தும், பிற்காலத்து முனிவர் பெயர்களும் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. நான் விளக்கத்தில் மூழ்கியிருந்த வேளையில், கவிநாட்டுப் பக்கத்து உழவர் வீட்டுப் பையன் ஒருவன் கூரிய கல்லால் தன் பெயரின் முதலெழுத்தை அங்கே கீறிவிட்டான். கையை ஓங்கிவிட்டேன். அவன் அஞ்சியபடியே, “இங்கே முன்பே பெயர் வெட்டியிருக்கிறார்களே, ஐயா” என்றான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பார்க்க அழைத்து வந்த நான், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் புறப்படுமுன் சொல்லவில்லை. அந்தக் கீறல் என் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

பின்னர் அறிவர் கோயிலுக்கு வந்தோம். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த குடைவரை அது. அர்த்த மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும், பூக்கொய்யும் மாந்தரும் அதில் உள்ளனர். வண்ணம் பல இடங்களில் மங்கிவிட்டது. ஆதலால் சிறிது நேரம் நின்று கண்ணைப் பழக்கினால்தான் குளம் தெரியும். மாணவர்கள் எருமையைக் கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள்.

அந்தப் பையன் மட்டும் கழுத்தை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் அருகில் வந்து, “ஐயா, இந்தக் குளத்திற்குத் தூம்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. அதன்பின் அங்கே போகும்போதெல்லாம் நானும் அண்ணாந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.